இருப்பிடமும் இயல்பும்

ஒன்றை அறிவது என்றால் என்ன? அதன் நிறத்தை அறிவதா, அது வாழும் இடத்தை அறிவதா, அன்றி அதன் உள்ளமைப்பை அறிவதா? பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இக்கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும். வாங்க வருபவர் பாண்டத்தின் மெருகைப் பார்ப்பார். தொழில் தெரிந்தவரோ உடைந்த துண்டின் விளிம்பைப் பார்ப்பார். பூச்சுக்கு எந்த நிறத்தையும் தரலாம். மண்ணின் தரம் உள்ளேதான் இருக்கிறது.

அவ்வூர் வழியே செல்லும் மணிமுத்தாறு, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. அந்த முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கிறது. கடல்வாழ் உயிர்களை இனம் பிரித்து அறிவது இத்தகைய மையங்களின் அடிப்படைப் பணி. அப்பணியில் நம் கேள்வி மிகச் சிறிய ஓர் உயிரின் வடிவில் எதிர்ப்படுகிறது. அதுவே கடற்சாமந்தியில் வாழும் இறால்.

கடற்சாமந்தி பார்வைக்கு மலர், உண்மையில் விலங்கு. இதழ்கள் போலத் தோன்றும் அதன் இழைகள், தீண்டும் சிறு மீனை நஞ்சால் முடக்கிவிடும். அந்த நச்சிழைகளுக்கிடையே ஒரு விரல் நீளமும் இல்லாத இறால்கள் அச்சமின்றி உலவுகின்றன. இந்துமாக் கடலிலும் பசிபிக்கிலும் பரவி வாழும் ஓர் இனத்திற்குக் கண்ணாடி போன்ற உடல், அதன்மேல் வெண்திட்டுகள், வால் விசிறியில் கருவிளிம்பிட்ட ஐந்து கண்புள்ளிகள். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால், ஆராய்ச்சிக்கென அதைச் சாராயத்தில் இட்டு வைத்தால் நிறமெல்லாம் கரைந்துபோகும். மறக்கமுடியாதென நாம் எண்ணிய அடையாளம் அத்துடன் மறைந்துவிடுகிறது.

ஆகவேதான், செலிபிஸ் தீவின் இறால்களை ஆராய்ந்த ஷெங்கெல் 1902இல் இதற்கு இனப்பெயர் இட்டபோது வண்ணத்தைக் கொள்ளவில்லை. காலின் மணிக்கட்டுப் பகுதி குறுகியிருப்பதைச் சுட்டி ‘பிரெவிகார்ப்பாலிஸ்’ என்றார். ‘குறுமணிக்கட்டுடையது’ என்பது அதன் பொருள். கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த இக்குடும்பத்து இறால்களைப் பற்றி ஸ்டான்லி கெம்ப் 1922இல் எழுதியபோதும் முகமுள்ளின் பற்களும் கால்களின் அளவுகளுமே துணை நின்றன. கண்ணைக் கவர்வது வேறு. உண்மையைக் காட்டுவது வேறு.

அப்படியானால், சாமந்தியில் வாழ்கிறது என்பதையே அடையாளமாகக் கொள்ளலாமே? அதுவும் முழுமையன்று. ஒரே சாமந்தியில் வெவ்வேறு இன இறால்கள் கூடி வாழக்கூடும். ஒரே இனம் வெவ்வேறு சாமந்திகளில் வாழக்கூடும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது உண்மை. அதனால் நார் பூவாகிவிடுவதில்லை.

எனினும் இருப்பிடம் பொருளற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. கரீபியக் கடலின் இத்தகைய இறால்களைப் பற்றி 1980இல் வெளியான ஆய்வு ஓர் அரிய செய்தியைத் தருகிறது. சாமந்தியைப் பிரிந்து சிலகாலம் இருந்த இறால், திரும்பி வரும்போது நஞ்சுக்கு ஆளாகிறது. சிறிது சிறிதாகத் தொட்டுத் தொட்டுப் பழகிய பின்னரே பழைய காப்பை அடைகிறது. உறவு அதற்குப் பிறப்புரிமையன்று, பழக்கத்தால் ஈட்டப்படுவது. எனவே, இருப்பிடம் ஓர் உயிரின் வாழ்வைச் சொல்லும். அதன் இனத்தைச் சொல்லாது. அதைச் சாட்சியாக ஏற்கலாம், நீதிபதியாக ஏற்கலாகாது.

இந்த நுட்பமான பிரித்தறிதலால் விளையும் பயன் யாதெனக் கேட்கலாம். வாலை உயர்த்தி அசைந்தாடும் மற்றொரு சாமந்தி இறால், அம்போயினாவின் பெயரால் ‘தோர் அம்பாயினென்சிஸ்’ என 1888இல் பெயர் பெற்றது. வெப்பக் கடல்களெங்கும் வாழும் ஒரே இனமென நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது, ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருப்பது புலனாயிற்று. மேற்கு அட்லாண்டிக்கில் வாழ்வது 2021இல் தனிப் பெயர் பெற்றது. கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்கென இவ்விறால்களைப் பிடித்து விற்கும் உலகில் இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. பலவற்றை ஒன்றென எண்ணினால், அவற்றுள் ஒன்று ஒரு கடலிலிருந்து அடியோடு அழிந்தாலும் ‘அதுதான் மற்ற கடலில் இருக்கிறதே’ என்று அமைதி கொள்வோம். பெயரற்றதன் இழப்பு கணக்கில் ஏறுவதில்லை.

மனிதரை அறிவதிலும் நாம் இத்தவற்றையே செய்கிறோம். எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய பிள்ளை, யாரோடு பழகுகிறார் என்று கேட்கிறோம். விடை கிடைத்ததும் ஆளை அறிந்துவிட்டதாக எண்ணி ஓய்ந்துவிடுகிறோம். கேட்பது குற்றமன்று, அந்த இடத்திலேயே நின்றுவிடுவதுதான் குற்றம். ஒரு தெருவில் வாழும் நூறு பேரை ஒரே பெயரால் அழைப்பவர், அவர்களுள் ஒருவரின் துன்பத்தையும் தனியே காணமாட்டார்.

அறிவதற்குப் பொறுமை வேண்டும். ஓர் இறாலின் மணிக்கட்டை அளக்கப் பல நாள் செலவிட்டவர்கள் அதைச் சிறுமையாகக் கருதவில்லை. அண்டை வீட்டாரை அறிந்துகொள்ள நாம் அந்த அளவு பொறுமையாவது காட்டவேண்டாமா?