யார் காவலாளி?

2024 டிசம்பர் முதல் நாள் மாலை. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் ஊறியிருந்த திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர்.

கண்ணீர் காயுமுன்பே தீர்ப்பு எழுந்தது: "மலையில் குடியேறியவர்களை அகற்றுங்கள், மலை பிழைக்கும்." இதில் பாதி உண்மை உண்டு. மரங்கள் நீங்கினால் மண்ணைப் பிடித்திருக்கும் வேர்களும் நீங்கும். வீட்டுக்காகச் சரிவை வெட்டினால் மேலுள்ள மண் தாங்குதலை இழக்கும். சரிவு குடியிருப்புக்கு உரிய இடமன்று.

மறுபாதி என்ன? பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் வலம்வரும் ஊரில் நிலத்தின் விலை ஏறுவது இயல்பே. சமவெளியில் இடம் வாங்க இயலாத ஏழை, வேறு வழியின்றியே சரிவில் ஏறுகிறான். இருவழி உள்ளவனின் தவறும் வழியற்றவனின் தவறும் ஒன்றாகுமோ?

நம் அரசமைப்புச் சட்டமும் இவ்விரண்டையும் அறியும். 1976இல் சேர்க்கப்பட்ட 48அ பிரிவு, சுற்றுச்சூழலையும் காடுகளையும் காக்க அரசைப் பணிக்கிறது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. எனினும் முறைப்படி வெளியேற்றுவதைத் தடுக்கவில்லை. எஞ்சிய கேள்வி நம் மனச்சான்றுக்கு உரியது.

தொடக்க நூலின் 2ஆம் அதிகாரத்தில், ஏதேன் தோட்டத்தைக் காக்கும் பணியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ஷாமர்'. 4ஆம் அதிகாரத்தில், தம்பியைக் கொன்ற காயின் தட்டிக்கழிக்கும் காவற்பொறுப்பைக் குறிப்பதும் அதே சொல்தான். மண்ணைக் காக்கும் அறம் வேறு, மனிதனைக் காக்கும் அறம் வேறு என்று பிரித்தவர்கள் நாமே.

ஆகவே மலை காக்கப்பட வேண்டும். ஆபத்தான சரிவில் வாழ்வோர் இறங்கவும் வேண்டும். ஆனால், வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு தந்த பின்னரே அவர்களை இறங்கச் சொல்வது நீதி. அச்செலவில் அரசுக்கும், மலையால் வருவாய் பெறும் விடுதிகளுக்கும் வணிகர்களுக்கும் பங்குண்டு. அவ்வாண்டு டிசம்பர் 13இல் கார்த்திகை தீபத்தன்று, நிலச்சரிவு அச்சத்தால் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. பக்தியே விட்டுக்கொடுத்தபோது, வருவாய் விட்டுக்கொடுக்கலாகாதா?

நம் பங்கின் எல்லைக்குள்ளும் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் வாழ்வோர் உண்டு. அவர்களை அகற்றப்போகும் செய்தி வரும்போது, "நல்லதுதான்" என்று சொல்லுமுன், "அவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்போமா?