விதியும் நெறியும்

விதியை மீறாதவன் குற்றமற்றவன் என்பர். ஆயின், விதியின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்தைக் கடப்பவனை எவ்வாறு மதிப்பிடுவது? உதைபந்தாட்டக் கழக முகாமைத்துவக் கணினி விளையாட்டுகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள வீரருக்கு அங்கு தொழில் அனுமதி எளிதிற் கிட்டவில்லை. அக்காலத்தைச் சித்திரித்த விளையாட்டுகளில், ஆடுவோர் இளம் வீரனைப் பெல்ஜியத் துணைக் கழகத்துக்கு இரவலாக அனுப்புவர். சில ஆண்டு வதிவின்பின் அந்நாட்டுப் பிரசாவுரிமை பெற்று, அவன் தடையின்றி இங்கிலாந்து புகுவான்.

துணைக் கழகமெனும் ஏற்பாடு வெறுங் கற்பனையன்று. 2004 இல் மன்செஸ்ரர் யுனைற்றெட் ஒப்பந்தஞ்செய்த சீன வீரர் டொங் ஃபங்ஷுவோ, தொழில் அனுமதி இன்மையால் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் கழகத்தில் ஆடினார். அனுமதி பெற்று 2007 இலேயே இங்கிலாந்தில் இணைந்தார்.

இதிற் குற்றம் யாது? பொய் எதுவும் உரைக்கப்படவில்லை. பிறந்த மண்ணைக்கொண்டு திறமைக்குத் தடையிடும் விதியும் முற்றாக நீதியானதன்று. எனவே சுற்றுவழியிற் செல்வது மட்டுமே இழிவாகாது. இழிவு வேறிடத்தில் உள்ளது.

திரையில் மூன்றாண்டுகள் சில மணி நேரத்திற் கழிகின்றன. அங்குள்ள உருவுக்கு விருப்பமுமில்லை, வீட்டு நினைவுமில்லை. மெய்வாழ்விலோ அவை ஒரு வீரனின் மீளாத இளமை. மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்றார் கான்ற். அவ்வழியே நோக்கின், அனுப்புவோன் விதியை மீறினானா என்பதோடு விசாரணை முடிவதில்லை. அனுப்பப்படுவோன் யாவும் அறிந்து இசைந்தானா என்பதையும் கேட்டல் வேண்டும். விளையாட்டில் அவ்வினாவுக்கு இடமில்லை. விளையாட்டிற் பழகிய கண், வாழ்விலும் அதனைக் கேட்க மறந்துவிடலாகாது.