தெரியாமல் பரப்பினால் குற்றமா, ஹஜ்ரத்?



இந்த ஜும்ஆவுக்கு நான் எடுத்து வைத்திருந்த தலைப்பு வேறு. மக்தபில் ஓதும் ஒரு சிறுமி கேட்ட கேள்விதான் அதை மாற்றியது.

நம் கீரனூரில் மழைக்காலம் வந்தால் வயிற்றுப்போக்கும் சேர்ந்தே வருகிறது. மஃரிபுக்குப் பிறகு ஓத வரும் பிள்ளைகளில் ஐந்தாறு பேர் ஒரே வாரத்தில் வரவில்லை. கை கழுவுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் ஒருநாள் பாடம் முடிந்த பிறகு நீல நிறச் சாக்பீஸைப் பொடியாக்கி, ஒரு பையனின் உள்ளங்கையில் தடவி, யாரிடமும் சொல்லாதே என்றேன். பிறகு எல்லோரும் ஸலாம் சொல்லி முஸாஃபஹா செய்துகொள்ளுங்கள், கொஞ்ச நேரம் விளையாடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் கதவுப் பிடியில் நீலம், குடத்தின் மேலிருந்த தம்ளரில் நீலம், என் ஜிப்பாவில் நீலம். கடைசி வரிசையில் இருந்த சின்னப் பையனின் உதட்டிலும் நீலம். அவன் அந்த முதல் பையனைத் தொடவே இல்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "ஹஜ்ரத், அவனுக்குத்தானே கையில இருந்தது தெரியும்? மத்தவங்களுக்குத் தெரியாதே. தெரியாம பரப்பினா குத்தமா?" என்றாள்.

தெரியாமல் செய்தால் குற்றமில்லைம்மா என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. சொன்னது தவறல்ல, ஆனால் அது பாதிப் பதில்.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற ஹதீஸோடுதான் ஸஹீஹுல் புகாரி தொடங்குகிறது. அரபிக் கல்லூரியில் நாங்கள் முதலில் மனனம் செய்தவற்றில் அதுவும் ஒன்று. அதே கல்லூரியில் ஃபிக்ஹுப் பாடத்தில் இன்னொன்றையும் படித்தோம். தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், கொல்லும் எண்ணமே இல்லாவிட்டாலும், பரிகாரமும் உண்டு, இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகையும் உண்டு. சூரத்துன் நிஸாவின் 92ஆவது வசனம் இதைச் சொல்கிறது. கால் இடறி அடுத்தவர் பானையை உடைத்துவிட்டால் பாவம் இல்லை, பானைக்கு விலை உண்டு. பாவம் வேறு, பொறுப்பு வேறு. எண்ணம் இல்லாதது பாவத்தை நீக்கலாம். அடுத்த வீட்டில் ஏற்பட்ட நஷ்டம் அதனால் நீங்கிவிடாது.

இன்னும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. இத்தனை வருடம் உளூவின் பாடத்தில் அதை நடத்தியிருக்கிறேன், இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தூங்கி எழுந்தவர் கையைக் கழுவுவதற்கு முன் பாத்திரத்துக்குள் விட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மூன்று முறை கழுவுவது முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது. கூடவே காரணத்தையும் சொன்னார்கள்: இரவில் தன் கை எங்கே கிடந்தது என்று அவருக்குத் தெரியாது.

கவனியுங்கள் சகோதரர்களே! கையில் அழுக்கு இருக்கிறது என்று சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது என்பதே காரணம். நாம் "எனக்குத் தெரியாதே" என்பதைச் சாக்காகச் சொல்கிறோம். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களோ, தெரியாததனால்தான் கழுவு என்கிறார்கள். அந்தப் பாத்திரத்துத் தண்ணீர் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல, பின்னால் எழுந்து வருபவருக்கும் உரியது. கழுவாமல் கை விடுவது மக்ரூஹ் என்றுதான் பெரும்பாலான இமாம்கள் சொல்கிறார்கள், ஹராம் என்று சொல்லவில்லை. அந்த அளவோடுதான் நானும் சொல்கிறேன். கை கழுவாதவர்களையெல்லாம் பாவிகள் என்று மிம்பரில் நின்று முத்திரை குத்த எனக்கு விருப்பமில்லை.

தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் அதைவிடக் கடினமான கேள்வி. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில் பிரசவ ஜன்னி வந்து தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். அங்கே சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சுவார்களாம். 1847ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தப் பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அங்கே பணியாற்றிய செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வருகிறார்கள். மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில், ஏறக்குறைய நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே அதில், கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் போட்டார். ஜூனில் மரணம் நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிரூபிக்கப்படவில்லை. பிணத்தின் துகள் ஏதோ கையில் ஒட்டி வருகிறது என்றுதான் அவர் நினைத்தார்.

உலகம் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் பல பெரிய மருத்துவர்கள் ஏற்க மறுத்தார்கள். ஏற்றுக்கொண்டால், இத்தனை நாள் இத்தனை தாய்மார்களின் உயிரை எடுத்தது என் கைதான் என்பதையும் ஏற்க வேண்டுமே! கீல் என்ற ஊரில் மிகேலிஸ் என்ற பேராசிரியர் இதை நம்பினார். தான் பரிசோதித்த சொந்த உறவுக்காரப் பெண் ஒருவர் அந்த ஜன்னியில் இறந்தது அவரை வாட்டியது. 1848இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஒரு கூட்டம் உண்மையை மறுத்தது, ஒரு மனிதர் உண்மையின் பாரத்தில் நொறுங்கிப்போனார். தவ்பா என்ற கதவு திறந்திருக்கிறது என்பதை அவரிடம் சொல்ல ஆள் இல்லையே என்று இதைப் படித்தபோது மனது கனத்தது.

நம்மில் சிலர் கேட்பீர்கள்: தொற்று என்பது இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே ஹஜ்ரத்? இருக்கிறது. நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு வராதீர்கள் என்ற ஹதீஸும் இருக்கிறது. நோய்க்குத் தானாகத் தொற்றும் சக்தி இல்லை, அல்லாஹ்வின் நாட்டப்படி காரணங்கள் வழியாகவே அது நடக்கிறது என்று உலமாக்கள் இரண்டையும் இணைத்துக் கூறியுள்ளார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். கை கழுவும் குழாயும் அந்த இன்னொரு விதியில் அடங்கியதுதான்.

2020ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லிக்குப் போய் வந்தவர்களை வைத்து, வேண்டுமென்றே நோயைப் பரப்பினார்கள் என்று நம் சமுதாயத்தின் மீது பழி போட்டார்கள். அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டிலிருந்து வந்த ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. எண்ணம் இல்லாதவர் மீது எண்ணத்தைச் சுமத்துவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது நமக்கு அனுபவம். அதே அனுபவம் நமக்கு இன்னொன்றையும் கற்றுத் தந்திருக்க வேண்டும். அப்போது பள்ளிவாசலுக்கு முஸல்லாவை வீட்டிலிருந்து கொண்டு வந்தோம், வாசலிலேயே சோப்பு போட்டோம். இன்று அந்தச் சோப்பு எங்கே?

ஐந்து நேரம் உளூ செய்கிறோமே, நமக்கு எதற்குச் சோப்பு என்று ஒரு பெரியவர் கேட்டார். உளூ இபாதத். கையில் நஜீஸ் இருந்தால் அதை முதலில் போக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். நஜீஸுக்கு நிறமும் வாடையும் உண்டு. கிருமிக்கு இரண்டும் இல்லை. கழிப்பறைக்குப் போன கையில், மாட்டைப் பிடித்த கையில், குழந்தையைக் கழுவிவிட்ட கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் மட்டும் பிசுக்கை முழுதாக எடுக்காது. பிரியாணி சாப்பிட்ட கை உங்களுக்கே சாட்சி. சோப்புதான் அந்தப் பிசுக்கைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்புகிறது. கொரோனா போன்ற கிருமிகளின் கொழுப்பு உறையையும் அது கரைத்துவிடுகிறது. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் ஆகிய இடங்களை மக்கள் விட்டுவிடுகிறார்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உளூவில் விரல்களைக் கோதிக் கழுவச் சொன்ன உம்மத் நாம்! இருபது விநாடி தேய்க்க வேண்டும். மெதுவாக இருபது வரை எண்ணுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வேளை தவறாமல் சாப்பிடுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். 1982ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவு இன்றும் நடக்கிறது, 2022 முதல் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் கையால் சாப்பிடும் சாப்பாடு. குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரையும் கொடுக்கிறார்கள். மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைக் கொல்லும். நகத்துக்குள் மண்ணோடு இருக்கும் புழுவின் முட்டை அடுத்த கவளத்தோடு மறுபடி உள்ளே போனால் மாத்திரை என்ன செய்யும்? வீட்டில் பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுங்கள். அது ஃபித்ராவில் சேர்ந்த சுன்னத்தும்கூட.

அந்தச் சிறுமியிடம் மறுநாள் என் பதிலைத் திருத்தினேன். "தெரியாமல் செய்தால் பாவம் இல்லைம்மா. ஆனால் நேற்று நீலத்தைப் பார்த்துவிட்டாய் அல்லவா, இனிமேல் உனக்குத் தெரியும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம மதரஸா பாத்ரூம்ல சோப்பே இல்லையே ஹஜ்ரத்."

எனக்குப் பதில் வரவில்லை. பல வருடங்களாக அந்தக் கதவைத் தாண்டித்தான் தினமும் பாடம் நடத்தப் போகிறேன். பிள்ளைகளுக்குக் கேள்வி போய்ச் சேர்வதற்கு முன்பே அது எனக்கும், நிர்வாகத்துக்கும், உங்களுக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமையே சோப்பு வாங்கி வைத்தாகிவிட்டது. மதரஸா கழிப்பறைக்கு வெளியே ஒன்று, ஹவ்ளுக்குப் பக்கத்துக் குழாயில் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்பதால் குழாயடியில் ஒரு கல்லும் போட்டிருக்கிறோம். ஹவ்ளுக்குள் சோப்பு நுரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பு தீர்ந்ததைப் பார்ப்பவர் முஅத்தின் ஸாஹிபிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.