பொழுது போகிறதா?

புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோனவனைப் பார்க்கிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "ஊர் பழகிவிட்டதா?" என்பது ஒன்று; "பொழுது போகிறதா?" என்பது மற்றொன்று. அன்பாகத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறவனும், "ஏதோ போகிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். ஆனால் இவற்றுக்கு அடியில் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

நான் காவிரிக் கரையில் பிறந்து, பிழைப்பின் நிமித்தம் கோயம்புத்தூருக்குக் குடிவந்தவன். வந்த புதிதில் ஊர் பழகுவதே பெரிய காரியமாக இருந்தது. காந்திபுரத்தில் எந்தப் பஸ் எங்கே நிற்கும், சிறுவாணித் தண்ணீருக்கு டிகாக்ஷன் எவ்வளவு விட வேண்டும், என்னைவிட இருபது வயது மூத்தவர், "சொல்லுங்க, என்னங்க வேணும்?" என்று கேட்டால் கூசாமல் நிற்பது எப்படி என்றெல்லாம் படிக்க வேண்டியிருந்தது. மூன்றே மாதத்தில் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் நான் அந்த ஊர்க்காரன் ஆகிவிடவில்லை. லாட்ஜில் நெடுநாள் தங்குகிறவனுக்கும்தான் எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று தெரியும். அதனால் அவன் வீட்டுக்காரன் ஆகிவிடுகிறானா?

இரண்டாவது கேள்விக்கும் பதில் சுலபம். காலையில் ரேஸ் கோர்ஸில் நடக்கலாம். கிருத்திகை தோறும் மருதமலைக்குப் போகலாம். நூலகத்தில் சேரலாம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டாலும் வீணை கற்றுக்கொள்ளலாம். இவற்றை நான் ஏளனம் செய்யவில்லை. தனிமையில் வாடுகிறவனுக்கு மாலையில் நாலு முகங்களைப் பார்ப்பதே மருந்து. ஆனால் 'பொழுதுபோக்கு' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பொழுது ஏதோ கடன்காரனைப்போல் வாசலில் வந்து நிற்பதாகவும், அதை எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்பதாகவும் அல்லவா அது ஒலிக்கிறது? ஆயுளின் ஒவ்வொரு நாளையும் இப்படி வாசலோடு அனுப்பிவிட்டால் வீட்டுக்குள் மிஞ்சுவது என்ன?

மூன்றாவது கேள்வி இதுதான்: நாளைக்கு நீ இந்த ஊரைவிட்டுப் போய்விட்டால் யாருக்காவது ஒரு காரியம் நின்றுபோகுமா?

உத்தியோகம் மாறி வருகிற ஆண்மகனுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக உறைக்காது. அவனுக்காக ஒரு நாற்காலியும் மேஜையும் முன்கூட்டியே காத்திருக்கின்றன. அவனோடு பெட்டி படுக்கையாக வந்து இறங்குகிறவர்களுக்குத்தான் உறைக்கிறது. மனைவிக்கு உறைக்கிறது, வயதான தாய் தகப்பனுக்கு இன்னும் கடுமையாக உறைக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நாலாவது மாடிக்கு ஓர் அம்மாள் வந்தாள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். கணவர் காலமான பிறகு மகன் அழைத்து வந்துவிட்டான். ஊரில் விடிந்தால் அவளுக்கு மாடு, கொல்லை, வாசல் கோலம். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் பத்தியச் சமையல். மகன் நல்லவன். "இத்தனை வருஷம் உழைத்தது போதும் அம்மா, இனிமேல் நீ ஒன்றுமே செய்யக் கூடாது" என்று சொல்லித் தனி அறையும் தொலைக்காட்சியும் கொடுத்தான். அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதற்கும், நீ ஒன்றுக்கும் வேண்டாம் என்பதற்கும் உள்ள தூரம் அவன் நினைத்த அளவு பெரிதல்ல. இரண்டு மாதம் அந்த அம்மாள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள்.

ஒருநாள் சாயங்காலம் இரண்டாவது மாடிப் படியில் ஒரு சிறுமி புத்தகப் பையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். தாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "சாவி அம்மாகிட்ட இருக்குதுங்க பாட்டி, வர ஆறு மணி ஆகுமுங்க" என்றது குழந்தை. "அதுவரைக்கும் படியிலேயா உட்கார்ந்திருப்பே? எழுந்து வா" என்று மேலே அழைத்துப் போய்த் தோசை வார்த்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து நாலு மணிக்குக் கேட்டருகில் போய் நிற்க ஆரம்பித்தாள். சில மாதங்கள் கழித்து மகன், "ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரலாமா?" என்று கேட்டானாம். எதற்காக அவள் அத்தனை நாள் ஏங்கினாளோ, அதே ஊர். "பத்து நாளா? நாலு மணிக்குக் குழந்தை வருமேடா" என்றாளாம். அன்றுதான் அவள் கோயம்புத்தூருக்குக் குடிவந்தாள் என்பது என் கணக்கு.

இதை ஒரு சிநேகிதரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சம்பளமில்லாமல் ஓர் ஆயா கிடைத்தாள். அதற்கு வேதாந்தமும் சொல்கிறீர்கள்" என்றார்.

நியாயமான ஆட்சேபம்தான். 'நீ இல்லாவிட்டால் வீடே நடக்காது' என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களின் ஆயுளை நாம் அடுப்படியில் கரைத்திருக்கிறோம். வேண்டியவளாக இருப்பது வேறு. விடமுடியாதபடி கட்டுண்டு கிடப்பது வேறு. அந்த வேலையைத் தானே எடுத்தாளா, வேண்டாம் என்றால் கீழே வைத்துவிட அவளுக்குச் சுதந்திரம் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டென்றால் அது அவளுடைய வேலை. இல்லையென்றால், எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் விலங்குதான். இந்த அம்மாளுக்குச் சுதந்திரம் இருந்தது. ஏன், அவளுடைய மருமகள் வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அப்படியும் எடுத்த வேலையை அவள் விடவில்லை.

ஊர் பிடித்திருக்கிறதா என்று யோசிக்கக்கூட அவகாசம் இல்லாமல் வந்து இறங்கியவர்களும் உண்டு. பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த இரண்டு வருஷங்களில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் ஏராளமான தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். தாயகம் என்று பேர். பலர் பிறந்ததோ பர்மாவில். வியாசர்பாடியில் குடியேறினார்கள், கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜாரில் கடை போட்டார்கள், அத்தோ என்ற பர்மியச் சேமியாவைத் தள்ளுவண்டியில் கிளறி விற்றார்கள். அதைச் சாப்பிடுவதற்கென்றே இன்று சென்னைவாசிகள் அங்கே போகிறார்கள். வந்தவர்களின் கைவேலை ஊருக்குத் தேவையாகிவிட்டது. அப்புறம் அவர்களை வந்தவர்கள் என்று யார் சொல்வது?

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வந்தவன் தலையிலேயே கட்டிவிட்டு ஊர் சும்மா இருந்துவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் புகாரை விட்டு மதுரைக்கு வருகிறார்கள் கோவலனும் கண்ணகியும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். பிறகு என்ன செய்கிறாள்? சமைத்த சோற்றைக் கொண்டுவந்து வைக்கவில்லை. வந்தவர்கள் நோன்பு காக்கிறவர்கள் என்பதறிந்து, சமைப்பதற்கு நல்ல பாத்திரங்கள் கொடுக்கச் சொல்கிறாள். ஆயர் பெண்கள் காயும் கனியும் அரிசியும் நெய்யும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கண்ணகி தன் கையால் சமைத்துக் கணவனுக்குப் படைக்கிறாள். இளங்கோவடிகள் காரணம் சொன்னது நோன்பைத்தான். ஆனால் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. அந்நியரை உபசரிப்பதற்கு இதைவிட உயர்ந்த வழி இல்லை. விருந்தாளிக்குச் சோறு போடுவார்கள். வீட்டு மனுஷிக்குத்தான் அடுப்பைக் கொடுப்பார்கள்.

மதிலுக்கு உள்ளே இருந்த மதுரை அதைச் செய்யவில்லை. அங்கே கோவலனுக்காக, 'இவனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. பொற்கொல்லனின் ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அந்தக் கண்ணகியின் பேரிலேயே சென்னையில் ஒரு நகர் இருக்கிறது. நீர்நிலைகளின் கரையோரம் குடிசைகளில் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினார்கள். கெட்டிச் சுவர், கெட்டிக் கூரை. ஆனால் மைலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண்ணுக்கு வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அவளுக்குப் பொழுது பஸ்ஸிலேயே போயிற்று. பலருக்கு வேலையே போயிற்று. வீட்டைக் கொடுத்தோம், செய்வதற்கு இருந்ததை எடுத்துக்கொண்டோம். நாலாவது மாடி மகன் அன்பினால் செய்ததைத்தான் ஒரு நகரமே அவசரத்தில் செய்தது.

ஆகவே, உங்கள் தெருவுக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்தால் ஊர் பழகிவிட்டதா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "கொலுவுக்குப் படி கட்ட ஆள் போதவில்லை, வருகிறீர்களா?" என்று கேளுங்கள். "என் பையனுக்குக் கணக்கு வரவில்லை, சொல்லித் தருவீர்களா?" என்று கேளுங்கள். முடியாது என்று அவர்கள் சொல்லலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நம்மிடமும் ஒருவர் வந்து கேட்டார் என்ற நினைவோடு அன்றிரவு தூங்கப் போவார்கள்.