வலி குறையணும்னு கேட்பதும் பக்திதான்



பிளவக்கல் அணையடி ஊரானாலும் சென்னையானாலும், புற்றுநோய் முற்றியவர் வலியில் துடிச்சா, "வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்"னு சொல்லிடுறோம்.

அருணகிரிநாதர் அப்படிச் சொல்லலையே! திருத்தணித் திருப்புகழ் ஒன்றில் இருமல், நீரிழிவு, தலைவலி, சோகை என நோய்களைப் பேர் சொல்லி, இவை அண்டாமல் காக்கும்படி முருகனிடம் கேட்கிறார்.

நோயைத் தீர்க்க முடியாதபோதும் வலியைத் தணிக்க முடியும். கடும் வலிக்கு டாக்டர் தரும் மார்பின் மாத்திரை இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்.

வலி அடங்கினா தூக்கம் வரும். ரெண்டு வாய் கஞ்சி இறங்கும். "முருகா"ன்னு நிதானமா சொல்ல முடியும்.

திருநீறு பூசிவிடுங்க. கையோட ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போய்ச் சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை!