பேக்கப்பில் இல்லாத வண்டு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில், பிரிஸ்டல் சேனலில், லண்டி என்று ஒரு சின்னத் தீவு. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். அதன் கிழக்குச் சரிவுகளில் நான்கு இதழோடு ஒரு மஞ்சள் பூ பூக்கிறது. கடுகுக் குடும்பம். பெயர் லண்டி முட்டைக்கோஸ். தண்டெல்லாம் ரோமம், பொரியலுக்கெல்லாம் ஆகாது. 1936இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை.

டீக்கடையில் நண்பனிடம் சொன்னேன். "விதையை ஃப்ரீசர்ல வெச்சுட்டா முடிஞ்சுதுல்ல?" என்றான். அவனும் என்னைப் போல மென்பொருள்காரன்தான். ஒரே இடத்தில் இருப்பதற்குப் பேக்கப் எடு. விதை வங்கிகள் செய்வதும் அதுதான். ஆனால் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பி நாங்கள் ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறோம்.

அந்தச் செடியின் இலையைத் தின்று வாழும் குட்டி வண்டு ஒன்று உண்டு. செடி லண்டியில் மட்டும் என்பதால் வண்டும் லண்டியில் மட்டும். இரண்டு வருடம் செடி அழிந்து, மூன்றாம் வருடம் விதையைத் தூவினால் பூ திரும்பி வரலாம். வண்டு வராது. அப்போது நாம் எதைக் காப்பாற்றியிருக்கிறோம்?

செடியை நெருக்கியது ரோடோடென்ட்ரான். அழகுக்காக மனிதர்கள் கொண்டுவந்து நட்ட புதர். சரிவெங்கும் பரவி, தன் நிழலில் வேறெதையும் வளரவிடவில்லை. பல வருடங்கள் அதை வெட்டி, மருந்தடித்து அழித்தார்கள். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் புதர் செய்த தப்புதான் என்ன? வளர்ந்தது, அவ்வளவுதானே. ஒரு செடிக்காக இன்னொன்றைக் கொல்ல நாம் யார்?

யோசித்தால், நட்ட அன்றே நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். இப்போது கையைக் கட்டிக்கொண்டு "இயற்கை பார்த்துக்கும்" என்பது நடுநிலை இல்லை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அதனால் வெட்டியது சரி என்றே நினைக்கிறேன், குற்றவுணர்வோடு.

முயல் விஷயத்தில் இந்த வாதம் தடுமாறுகிறது. அதையும் மனிதர்கள்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் இடைக்காலத்தில். அதுவும் இந்தச் செடியை மேயும். எத்தனை நூற்றாண்டு வாழ்ந்தால் ஓர் உயிர் அந்த ஊர்க்காரன் ஆகும்?

நண்பன் கடைசியில் கேட்டது வேறு: "அந்த வண்டு அழகா இருக்குமா?"

"சில மில்லிமீட்டர்தான்டா. லென்ஸ் வெச்சுத்தான் பாக்கணும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.