கரையில் மூட்டிய தீ

எஸ்.பி.எம். முடிவுகள் வரும் வாரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி வாசகங்கள் சுற்றி வரும். தோல்விதான் வெற்றிக்கு முதல் படி. விழுவது தப்பில்லை, விழுந்தே கிடப்பதுதான் தப்பு. கூடவே எடிசனின் மின்விளக்குக் கதை. இவற்றை நான் கேலி செய்யவில்லை. பதினேழு வயதில் உடைந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யாராவது ஒருவர் எதையாவது சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இவை எல்லாமே தோற்றவர்களுக்கான ஆறுதல்கள். தவறு செய்தவர்களுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. தேர்வில் தோற்றவன் மறுபடியும் எழுதலாம். கடை நொடித்துப் போனவன் வேறு கடை போடலாம். நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் எதை மறுபடியும் எழுதுவான்? நம்பிக் கொடுத்த காசைச் சூதாட்டத்தில் விட்டவனிடம் போய் “இதுவும் ஒரு படிக்கட்டுதான்பா” என்று சொன்னால் அது ஆறுதலா, அசிங்கமா? தான் எதை நம்பி வாழ்ந்தானோ அதற்கு எதிராகவே ஒருவன் நடந்துவிட்டான். அதற்குப் பிறகும் அவனுக்கு நம்பிக்கை என்று ஒன்று உண்டா? இருந்தால், அது எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியோடு புதிய ஏற்பாட்டைத் திறந்தால், இயேசு கைதான அந்த ஒரே இரவில் இரண்டு பேர் விழுகிறார்கள். யூதாஸ் காட்டிக்கொடுக்கிறான். பேதுரு, அந்த மனிதரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலிக்கிறான். நம் ஊர்ப் பிரசங்கங்களில் பேதுருவுக்கு ‘சொன்னார்’, யூதாசுக்கு ‘சொன்னான்’ என்று விகுதியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். பழைய தமிழ் வேதாகமம் இருவரையும் ‘அவன்’ என்றுதான் சொல்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன். அந்த இரவில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சொல்லப்போனால், பிறகு நடந்ததைப் பார்த்தால் யூதாஸ்தான் ஒரு படி மேலே நிற்கிறான். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தின்படி அவன் வருந்துகிறான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோகிறான். குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான். வருத்தம், அறிக்கை, ஈடு செய்தல் என்று ஞானோபதேச வகுப்பில் கேட்கும் மூன்றுமே அங்கே இருக்கின்றன. பேதுரு செய்தது ஒன்றுதான். வெளியே போய் அழுதான்.

இதற்குப் பிரசங்க மேடையில் ஒரு தயார் பதில் உண்டு. யூதாசுக்கு வந்தது வெறும் மனஸ்தாபம், பேதுருவுக்கு வந்ததுதான் மனந்திரும்புதல் என்பார்கள். கிரேக்க மூலத்திலும் யூதாசுக்கு வேறு வினைச்சொல்தான் வருகிறது, உண்மை. ஆனால் அதே மத்தேயுவின் 21-ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறிப் போகிற மூத்த மகனுக்கும் அதே வினைச்சொல்தான். அவன் அந்த உவமையில் நல்ல பிள்ளை. ஆக, யூதாசின் வருத்தம் மட்டமான சரக்கு என்று அந்தச் சொல்லை வைத்து நிரூபிக்க முடியாது. என்னைக் கேட்டால், அது அசல் வருத்தம்தான்.

வேறுபாடு அந்த வருத்தத்தை யாரிடம் கொண்டுபோனார்கள் என்பதில் இருக்கிறது. யூதாஸ் தன்னை விலைக்கு வாங்கிய பிரதான ஆசாரியர்களிடமே போனான். ஒரு வகையில் அது சரியான முகவரிதான். பாவத்துக்குப் பலி செலுத்தி மனிதனையும் கடவுளையும் சேர்த்துவைப்பது அவர்களுடைய வேலை. அவர்களோ, அது உன் பிரச்சினை, எங்களுக்கு இதில் வேலையில்லை என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காசைக் கோயிலில் எறிந்துவிட்டு அவன் போனான். போய் நான்றுகொண்டான். அவன் கடைசியாகத் தட்டிய கதவு அதுதான்.

பேதுரு எங்கே போனான்? சுவிசேஷங்கள் நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் ஞாயிறு விடியற்காலையில், கல்லறை காலியாக இருக்கிறது என்று மகதலேனா மரியாள் ஓடிவந்து சொல்வது அவனிடமும் இன்னொரு சீடனிடமும்தான். அப்படியென்றால் நடுவிலிருந்த அந்தச் சனிக்கிழமை அவனைக் கூட்டத்தோடு இருக்க யாரோ விட்டிருக்கிறார்கள். “நீதானே தெரியாதுன்னு சொன்னவன்” என்று கதவைச் சாத்தவில்லை. அவர்களும் அந்த இரவில் ஓடிப்போனவர்கள்தான் என்பதாலும் இருக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. உயிர்த்தெழுதல் நடப்பதற்கு முன்பே அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது.

அடுத்தது யோவான் 21. இரவெல்லாம் வலைபோட்டு ஒன்றும் அகப்படாத காலை. கரையில் இயேசு கரித்தீ மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். கரித்தீயைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று இந்தக் கரை. மற்றது 18-ஆம் அதிகாரத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த அந்த முற்றம். யோவான் தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். புகை வாசம் போதும், பேதுருவுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும்.

இங்கே நடப்பவற்றின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி. கேள்வியும் ஒருமுறை அல்ல, மூன்று முறை. ‘பரவாயில்ல, விடு’ என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் தடவை கேட்டதும் பேதுரு துக்கப்பட்டான் என்று யோவானே சொல்கிறார். காயத்தை மூடி மறைக்கவில்லை. தொட்டுத்தான் பார்க்கிறார். ஆனால் பசியோடு நிற்கவைத்துத் தொடவில்லை. ‘செஞ்சதைச் சொல்லு, அப்புறம் பார்க்கலாம் சோறு போடுறதா வேணாமான்னு’ என்பதுதான் நம்மில் பலருடைய வரிசை. அந்தக் கரையில் அது தலைகீழாக இருக்கிறது.

இங்கே ஒரு தடை வரும், வரவேண்டும். அந்தக் காலையில் மன்னிக்கிறவர் பாதிக்கப்பட்டவரேதான். அவருக்கு அந்த உரிமை இருந்தது. நமக்கு? அடிவாங்கிய பெண்ணிடம் போய், “கடவுளே மன்னிச்சிட்டாரு, நீ மன்னிக்க மாட்டியா” என்று சபையின் பெரியவர்கள் பேசுவது நாம் கேட்காத ஒன்றல்ல. ஒருவன் புதுவாழ்வு பெறுவதற்கான செலவை அவனால் நொந்தவள் தலையில் கட்டுவது அது. ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில் இந்த மாதிரி கிருபையை மலிவானது என்றார். வேறு யாரோ கட்டிய விலையில் நாம் தாராளமாக இருப்பது எளிது.

அப்படியென்றால் பாதிக்கப்படாத நாம் விழுந்தவனுக்கு எதைத்தான் தரமுடியும்? ஆதிச்சபை இந்தக் கேள்வியில் நிஜமாகவே சிக்கிக்கொண்டது. 250-ஆம் ஆண்டு ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலி செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டான். செலுத்தியவர்களுக்கு அதிகாரிகள் சாட்சிக் கையெழுத்திட்டுச் சான்றிதழ் தந்தார்கள். எகிப்து மண்ணிலிருந்து அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலி செலுத்தினார்கள். சிலர் செலுத்தாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் மறுத்துச் சிறைக்கும் சாவுக்கும் போனார்கள். கெடுபிடி தணிந்ததும், விழுந்தவர்கள் சபை வாசலுக்குத் திரும்பி வந்தார்கள்.

ரோமில் நொவேசியன் என்பவர், அவர்களுக்குக் கதவு இனி இல்லை என்றார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலோ, சிறையில் துன்பப்பட்டவர்களில் சிலர் கேட்டவர்களுக்கெல்லாம் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன். அவரும் அந்த 250-இல் தலைமறைவாக இருந்தவர்தான். 251-இல் ஆயர்கள் கூடி எடுத்த முடிவு, கதவு உண்டு, ஆனால் ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பது. பலி செலுத்தியவனும் சான்றிதழ் வாங்கியவனும் ஒன்றல்ல. பலி செலுத்தியவர்களுக்கு நீண்ட தவக்காலம் விதிக்கப்பட்டது. இன்னொன்றும் சிப்ரியனின் கடிதங்களில் தெளிவாக இருக்கிறது. விழுந்த ஆயர் திரும்பி வரலாம், சாதாரண விசுவாசியாக. பழைய ஆசனம் கிடையாது.

இந்தப் பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓர் இடம் தருவது வேறு, பழைய நாற்காலியைத் தருவது வேறு. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். அதனால் ஒன்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவரை ஆறு மாதத்தில் மறுபடியும் மேடையேற்றுகிறோம். இல்லையென்றால், எதற்கும் இடமில்லை என்று அவர் பெயரையே அழித்துவிடுகிறோம். ‘பேதுருவுக்கு மட்டும் மேய்ப்பன் வேலையே கிடைத்ததே’ என்று கேட்கலாம். கிடைத்தது. ஆனால் அவன் மறுதலித்தது மேய்ப்பரை. ஆடுகளை அடித்தவனிடம் அதே மந்தையை ஒப்படைக்க அந்தக் கதையில் ஆதாரம் இல்லை.

சரி, இடம் கொடுத்தால் மனிதன் திருந்திவிடுவானா? இதற்கு நம் மலாக்காவிலேயே ஒரு கதை இருக்கிறது. செயின்ட் பால் குன்றில் கூரையில்லாத அந்தக் கோயிலையும், வலது கை உடைந்த சவேரியார் சிலையையும் பார்த்திருப்பீர்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்துவிட்டு இங்கே வந்த அதே சவேரியார். ஜப்பானின் ககோஷிமாவில் ஒரு கொலை செய்துவிட்டு, போர்த்துகீசியக் கப்பலில் தப்பிய அஞ்சிரோ என்பவன் அவரைத் தேடி மலாக்காவுக்கு வந்தான். வந்தபோது அவர் ஊரில் இல்லை, மொலுக்காஸ் தீவுகளில் இருந்தார். திரும்பிப் போனவனைப் புயல் தடுத்தது. மறுபடியும் மலாக்காவுக்கே வந்தான். 1547 டிசம்பரில் இருவரும் சந்தித்தார்கள். 1548-இல் கோவாவில் ஞானஸ்நானம், பவுல் என்ற புதுப்பெயர். 1549 ஆகஸ்டில் சவேரியாரோடு ககோஷிமாவில், தான் கொலை செய்து ஓடிய அதே ஊரில், மொழிபெயர்ப்பாளனாக இறங்கினான்.

இங்கே நிறுத்திவிட்டால் நல்ல சாட்சிக் கூட்டக் கதை. ஆனால் அவனுடைய முடிவு அப்படி அமையவில்லை. சேசு சபையின் லூயிஸ் ஃபுரோயிஸ் எழுதிய வரலாற்றின்படி, பிற்பாடு அவன் கடற்கொள்ளையரோடு சேர்ந்து சீனக் கரையில் செத்தான். புத்த பிக்குகள் துரத்தியதால்தான் ஊரைவிட்டுப் போனான் என்று வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. எது உண்மையானாலும், ஆசியாவின் ‘வெற்றிக் கதை’ வரிசையில் அவனை வைக்க முடியாது.

அதனால் சவேரியார் அவனுக்குத் தந்தது வீண் என்று சொல்வீர்களா? எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பலன் உத்தரவாதம் என்றால்தான் இடம் தருவேன் என்பது வெறும் முதலீடு. அந்த இரவில் தலைமை ஆசாரியர்கள் செய்ததும் ஒரு கணக்குத்தான். வேலை முடிந்தது, ஆள் இனித் தேவையில்லை.

கிறிஸ்தவம் விழுந்தவனைப் பார்த்து ‘உனக்குள் சக்தி இருக்கிறது, எழுந்திரு’ என்று சொல்கிறது என நினைத்துக்கொள்கிறோம். பேதுருவின் கதையில் அது இல்லை. அவனுக்குள் ஒன்றும் மிச்சமில்லை, மீன் பிடிக்கக்கூட முடியவில்லை. தீ வெளியே, கரையில், வேறொருவர் கையால் மூட்டப்பட்டிருந்தது. நம்பிக்கையை விழுந்தவனின் மனவலிமையில் தேடுவதை நாம் நிறுத்தினால், பொறுப்பு கரையில் நிற்கிற நம் பக்கம் வந்துவிடும். ஒருவேளை அதனால்தான் தன்னம்பிக்கை வாசகங்கள் நமக்கு இவ்வளவு வசதியாக இருக்கின்றன.

பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக மன்னிக்க நமக்கு உரிமை இல்லை. பழைய நாற்காலியைத் தூக்கிக் கொடுக்கவும் தேவையில்லை. போலீசுக்குப் போகவேண்டிய விஷயம் போலீசுக்குப் போகட்டும். இந்த நாட்டில் யாரைச் சந்தித்தாலும் முதலில் ஒன்று கேட்போமே, “சாப்டாச்சா?” அதை இவர்களிடமும் கேட்கலாம். மற்ற கேள்விகளை அதற்குப் பிறகு மூன்று முறை கேட்டாலும் தகும்.